மூத்தவளின் முன்னேற்றம்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே நம்மவர் முடிவுக்கு வந்துவிட்டார். காரின் முன்பக்க சஸ்பென்ஷனை மாற்றியே தீருவது. வாய் நிறைய நுரை இருந்ததால் சத்தமாகச் சொல்ல முடியவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான். அந்த வீட்டில் சத்தமாகச் சொல்லப்பட்ட எந்தத் தீர்மானமும் மத்தியானச் சாப்பாடு வரை உயிரோடு இருந்ததில்லை.

நம்மவர் கண் பரிசோதகர். கடைத்தெருவில் சின்னதாக ஓர் அறை, உயரமான ஒரு நாற்காலி, எதிர்ச் சுவரில் எழுத்து அட்டை. வாரத்தில் ஆறு நாள் ஊராரின் மூக்கில் கண்ணாடியை மாற்றி மாற்றி மாட்டி, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். ஏழாவது நாள் கார். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நின்றது. இரண்டே கதவு, நீளமான மூக்கு, நம்மவரைவிட இரண்டு வயது மூப்பு. டிராக் ரேஸ் ஓடுவதற்கென்றே வைத்திருந்த கார் அது. டிராக் ரேஸில் பெரிய சூட்சுமம் ஒன்றுமில்லை. இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பச்சை விளக்கு எரியும். நேர்கோட்டில் கால் மைல். முதலில் போய்ச் சேர்ந்தவர் ஜெயித்தார். மொத்தமும் பன்னிரண்டு, பதின்மூன்று வினாடிச் சமாச்சாரம். அந்தப் பதின்மூன்று வினாடிக்காக நம்மவர் இருபத்திரண்டு வருஷமாக விரல் இடுக்கில் கிரீஸோடு வாழ்ந்துவந்தார்.

கல்யாணத்துக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டதால் மனைவி அந்தக் காரை 'மூத்தவள்' என்றுதான் சொல்வாள். மூத்தவளுக்கு எண்ணெய் தேய்த்து முடிந்ததா, இளையவள் சோறு போட்டு அரை மணி நேரமாகிறது என்று கொல்லைக் கதவருகே நின்று விசாரிப்பாள். குரலில் கோபம் இருக்காது. அதுதான் நம்மவருக்குப் பயம்.

மூத்தவளுக்கு வந்த நோய் இதுதான். டிராக் காருக்குப் பின்சக்கரங்கள்தான் உயிர். கிளம்பும்போது காரின் மூக்கு மேலே எழும்ப வேண்டும். எழும்பினால் பாரம் பின்னால் சாயும், பின்சக்கரம் தரையைக் கவ்விப் பிடிக்கும், கார் பாயும். சுருங்கச் சொன்னால் முன் ஏற்றம் இருந்தால்தான் முன்னேற்றம். மூத்தவளின் மூக்கோ அம்மிக்கல் மாதிரி அசையாமல் கிடந்தது. பச்சை விளக்கு எரிந்ததும் பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றும், புகை வரும், பக்கத்துத் தடத்தில் அவருடைய நிரந்தரப் போட்டியாளரான பேக்கரிக்காரர் போய்க்கொண்டே இருப்பார். ஐந்து தடவை போய்விட்டார்.

அதையும் தாங்கியிருப்பார். போன மாதம் பந்தயக் கிளப்பின் செயலாளர் ஒரு தாளை ஒட்டினார். பருவத்தின் கடைசிப் பந்தயத்தில் பன்னிரண்டரை வினாடிக்குள் ஓடாத பழைய கார்கள் அடுத்த வருஷத்திலிருந்து ஓடவேண்டாம், நுழைவாயிலில் காட்சிக்கு நிற்கலாம் என்று அதில் இருந்தது. மூத்தவளின் நேரம் பன்னிரண்டே முக்கால். கயிறு கட்டி, 'தொடாதீர்கள்' என்று அட்டை மாட்டி, அவள் பக்கத்தில் யாரோ குழந்தையை நிற்க வைத்துப் படமெடுக்கும் காட்சி நம்மவர் கண்முன் வந்தது. அன்று ஒரு நோயாளிக்கு இடது கண்ணின் கண்ணாடியை வலது கண்ணுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, தெருமுனை வரை ஓடிப்போய்ச் சீட்டைத் திரும்ப வாங்கிவந்தார்.

மருந்து என்ன என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. பேக்கரிக்காரர் போன வருஷம் மாட்டிய அதே முழு செட். சக்கரத்தைத் தாங்கும் பழைய இரும்புக் கைகளுக்குப் பதில் மெல்லிய குழாய்க் கைகள். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றுக்குள் ஒன்று. திருகிச் சரிசெய்யக் குமிழ்கள். எல்லாம் சிவப்பு. காரில் மாட்டுவதா, கண்ணாடி அலமாரியில் வைப்பதா என்று திகைக்க வைக்கும் சிவப்பு.

தடை ஒன்றுதான். ஒரு மழைக்காலம் முழுவதும் சாப்பாட்டு மேஜையில் ஓர் இன்ஜின் குடியிருந்த பிறகு, அந்த வீட்டில் ஒரு சட்டம் வந்திருந்தது. ஒற்றைக் கையால் தூக்க முடியாத எந்தப் பொருளும் இருவர் சம்மதமும் இல்லாமல் வாசலைத் தாண்டக் கூடாது. சிவப்பு செட்டைத் தூக்க மூன்று கை வேண்டும்.

அங்கேதான் நம்மவருக்குத் தன் தொழில் கைகொடுத்தது. முதலில் இரண்டு மங்கலான கண்ணாடிகளைக் காட்டிவிட்டு மூன்றாவதாகச் சுமாரான ஒன்றைக் காட்டினால், நாற்காலியில் இருப்பவர் சொர்க்கம் தெரிவதாகச் சொல்வார். நோயாளிகளிடம் இதை அவர் செய்ததில்லை. மனசாட்சி உள்ளவர். மனைவி விஷயத்தில் மனசாட்சிக்கு ஒரு நாள் லீவு கொடுத்தார்.

மூன்று தாள்களில் எழுதினார். முதலாவது, பழைய சஸ்பென்ஷனைக் கழற்றி எறிந்துவிட்டு, லாரிக்கு இருப்பதுபோல் குறுக்கே ஒரே இரும்பு அச்சு. இரண்டாவது, இருக்கும் கைகளையே வைத்துக்கொண்டு, அவற்றின் கீலில் இருக்கும் ரப்பர் புஷ்களை மட்டும் மாற்றி, உயரமும் மென்மையுமான ஸ்பிரிங், சுலபமாக எழும்பி மெதுவாக இறங்கும் ஷாக் அப்சார்பர். மூன்றாவது, சிவப்பு செட். முதல் இரண்டையும் மங்கலான நீல மையில் கிறுக்கினார். மூன்றாவதற்குப் படம் ஒட்டி, "பதினெட்டு கிலோ எடை குறையும். டிராக் ரேஸில் ஒவ்வொரு கிலோவும் தங்கம்" என்று அடிக்கோடு வேறு போட்டார்.

மனைவி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நம்மவர் மூன்றையும் வாசித்தார். முதல் இரண்டுக்கும் இருமிக்கொண்டே வாசித்தார். மூன்றாவதற்கு இருமல் நின்றுவிட்டது. கடைசியில், முடிவு முழுக்க முழுக்க அவள் கையில் என்று பெருந்தன்மையோடு சொன்னார்.

அவள் ஒரு தலையணை உறையை நான்காக மடித்து வைத்தாள்.

"இப்ப முன்னால எவ்வளவு எடை இருக்கு?"

"எதுக்கு?"

"பதினெட்டு கிலோ குறையும்னு போட்டிருக்கீங்களே. எதுலருந்து குறையும்?"

நம்மவருக்குத் தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட எடை போட்டதில்லை என்று ஒப்புக்கொண்டார். அவள் அவரைப் பார்த்த பார்வையில் கணவன் தெரியவில்லை. முத்திரை இல்லாத தராசு தெரிந்தது.

இங்கே அவள் உத்தியோகத்தைச் சொல்லிவிட வேண்டும். எடை அளவை ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதிக்கிற அரசாங்க வேலை. தட்டுக்கு அடியில் ஒட்டிய காந்தம், முள்ளுக்குப் பின்னால் கட்டிய நூல், பேச்சுக்கொடுத்தபடியே தட்டில் பதியும் கட்டைவிரல், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. பெரிய எடைமேடைகளைச் சோதிக்க இலாகாவில் ஒரு லாரி இருந்தது. அதன் டிரைவர் ஓய்வுபெற்ற பின் யாரும் வரவில்லை. நான்கு வருஷமாக இரும்புப் படிக்கற்களை ஏற்றிக்கொண்டு அந்த லாரியை அவளே ஓட்டினாள். மனிதர்களை எடைபோடுவதையும் சேர்த்தால் சம்பளம் இரண்டு மடங்காக இருந்திருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் நான்கு மேடைத் தராசுகள் வந்து இறங்கின. இலாகாவுடையதைச் சொந்த வேலைக்குத் தொடமாட்டாள் என்பதால் தராசு பழுதுபார்ப்பவரிடம் இரவல் வாங்கி, அவற்றையும் முதலில் சோதித்துவிட்டே கொண்டுவந்தாள். கூடவே அவளுடைய அண்ணன் வந்தார். லேத் பட்டறை வைத்திருப்பவர். ஒரு நாளைக்கு இருபது வார்த்தைக்கு மேல் செலவழிக்காத மனிதர். தங்கையும் அண்ணனுமாக மூத்தவளின் நான்கு கால்களையும் நான்கு தராசில் ஏற்றினார்கள். நம்மவரை ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொன்னாள். எழுதினாள். இறங்கச் சொன்னாள். மறுபடியும் எழுதினாள்.

மொத்தம் ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூறு கிலோ. அதில் எண்ணூற்று ஐம்பத்தெட்டு முன்னால்.

தலைக்கனம் கொஞ்சம் அதிகம்தான் என்றாள். காரைத்தான் சொன்னாள் என்று நம்மவர் எடுத்துக்கொண்டார்.

பிறகு தராசுகளை நகர்த்திவிட்டு, மூக்குக்கு அடியில் ஜாக்கி வைத்து மெல்ல உயர்த்தச் சொன்னாள். ஒழுங்கான சஸ்பென்ஷன் என்றால் உடம்பு மேலே போகும், சக்கரம் தரையிலேயே இருக்கும், கை மட்டும் கீழே மடங்கும். மூத்தவளின் உடம்பு இரண்டு விரற்கடை எழும்புவதற்குள் சக்கரமும் கூடவே தரையைவிட்டுக் கிளம்பிவிட்டது. மச்சான் தரையில் படுத்து, கையின் கீலில் இருந்த ரப்பர் புஷ்ஷை ஸ்பேனரால் தட்டினார். டங் என்றது. ரப்பர் டங் என்று சொல்லக் கூடாது.

"இந்தக் கை பல வருஷமா மடங்கவே இல்ல, மாப்ளே," என்றார். அன்றைய கணக்கில் ஏழு வார்த்தை போயிற்று.

நம்மவருக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஊரார் கண்ணில் ஒரு மயிரிழை மங்கலையும் கண்டுபிடிக்கிறவர். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் காருக்கு அடியில் படுத்துக் கிடந்தவர். கல்லாகிப்போன ரப்பர் அவர் கண்ணில் படவில்லை. அதே சமயம், மண்டியிட்டு உட்கார்ந்து, காதோரம் பென்சிலைச் செருகிக்கொண்டு அளவுகோலைச் சக்கரத்தோடு ஒட்டிப் பிடித்திருந்த மனைவியைப் பார்த்தபோது, இவ்வளவு நாளும் இவளைக் கொட்டகைக் கதவுக்கு வெளியே நிற்கவைத்துப் பேசிவந்தோமே என்று மனசுக்குள் என்னவோ செய்தது. ஆனாலும் சிவப்பை விட மனமில்லை.

அந்த வாரம் அவள் பேக்கரிக்குப் போனாள். பேக்கரிக்காரர் காரைக் காட்டினார், சிவப்பைக் காட்டினார், அவள் கேட்டதும் பழைய பந்தயச் சீட்டுகளையும் எடுத்துக் காட்டினார். செட் மாட்டுவதற்கு முன் அவர் நேரம் பன்னிரண்டு புள்ளி நாற்பத்தாறு. மாட்டிய பின்னும் பன்னிரண்டு புள்ளி நாற்பத்தாறு. பச்சை விளக்கு எரிந்ததும் தடுமாறாமல் கிளம்புகிறார், அதுதான் அவர் ரகசியம். சிவப்பு வெறும் அலங்காரம்.

வெள்ளிக்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், செருப்பை மாட்டிக்கொண்டே அவள் தீர்ப்பைச் சொன்னாள். இரண்டாவது தாள்.

நம்மவர் பதறிப்போனார். அது சும்மா எழுதியது என்று சொல்ல வாயெடுத்து, சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்து, வாயை மூடினார். இரண்டாவது சுமார்தான் என்று மட்டும் முனகினார். சுமார் என்றால் ஏன் எழுதினீர்கள் என்று அவள் கேட்டாள். செருப்பின் வாரை இழுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பத்து கிராம் குறையுற தராசையே நான் பிடிச்சிருக்கேன். நீங்க கட்டைவிரலையே தூக்கித் தட்டுல வெச்சிருக்கீங்க. எனக்குத் தெரியாதா?"

அவள் தெருமுனை திரும்பும் வரை நம்மவர் வாசலிலேயே நின்றார். பிடிபட்ட வெட்கம் ஒரு பக்கம். இப்படிப்பட்டவள் தன் வீட்டில் இருக்கிறாளே என்ற பெருமை இன்னொரு பக்கம். எடை போட்டால் பெருமைதான் கொஞ்சம் கூடுதலாக இருந்திருக்கும்.

வேலை இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. கல்லாகியிருந்த புஷ்களை மச்சான் பட்டறையில் அழுத்தி வெளியே தள்ளினார். ஒவ்வொன்றும் வெடிச்சத்தத்தோடு கழன்றது. புதியவை உள்ளே போனதும் கையைத் தூக்கிவிட்டால் தன்பாட்டுக்கு மடங்கிக் கீழே வந்தது. நீளமான புது ஸ்பிரிங்கை அமுக்கிப் பொருத்த மூன்று பேரும் சேர்ந்து மூச்சைப் பிடித்தார்கள். புதிய ஷாக் அப்சார்பரைக் கையால் இழுத்தால் வெண்ணெயாக வந்தது. திரும்ப அமுக்கினால் ஆறிய தேன் மாதிரி மெதுவாக இறங்கியது.

முடிந்தது என்று நம்மவர் கையைத் துடைத்தார். அவள் துடைக்கவில்லை. காரின் இரு பக்கமும் நூல் கட்டி, மூக்கை மறுபடி உயர்த்திப் பார்த்தாள். மூக்கு ஏற ஏற முன்சக்கரங்கள் இரண்டும் மெல்ல விலகி, ஒன்று இந்தப் பக்கமும் ஒன்று அந்தப் பக்கமும் பார்க்க ஆரம்பித்தன. இப்படியே ஓடினால் கார் பாதையில் அலையும். கண் பரிசோதகர் வீட்டுக் காருக்கே மாறுகண். இதைச் சொல்லிச் சிரிக்காமல் இருக்க அண்ணனும் தங்கையும் பட்ட பாட்டை நம்மவர் பார்த்தார். மச்சான் ஸ்டியரிங் கம்பியின் உயரத்தைச் சரிசெய்ய இரண்டு வளையங்கள் கடைந்து வந்தார். பிறகு மூக்கு எவ்வளவு ஏறினாலும் சக்கரங்கள் நேரே பார்த்தன.

சோதனை ஓட்டத்துக்குப் பந்தய மைதானம் போனபோது அவள் ஒரு யோசனை சொன்னாள். மூக்கு எப்படி எழும்புகிறது, எப்படி இறங்குகிறது என்பதை யாராவது வெளியே நின்று கவனமாகப் பார்க்க வேண்டும். அண்ணனுக்குக் கிட்டப்பார்வை. தனக்குப் பார்க்கத் தெரியாது. பார்ப்பதையே தொழிலாக வைத்திருப்பவர் இங்கே ஒருவர்தான். அவர் வெளியே நிற்பதுதான் நியாயம். சும்மா ஓட்டிக் காட்ட, தானே உட்கார்ந்துகொள்கிறேன் என்றாள்.

நம்மவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கொடுத்த பாராட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, சாவியை எடுத்துக் கொடுத்தார். புதிதாக ஓட்டுகிறவர் அதிகாரி ஒருவர் முன்னிலையில் மூன்று முறை ஓடிக் காட்ட வேண்டும் என்பது கிளப்பின் விதி. அதற்கான விண்ணப்பத்தை அவள் ஏற்கெனவே பூர்த்தி செய்து கொண்டுவந்திருந்தது ஏன் என்று அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

லாரி ஓட்டிய கால். கிளட்சை விட்ட விதத்தில் பதற்றமே இல்லை. முதல் இரண்டு ஓட்டமும் நிதானமாகப் போனாள். மூன்றாவதில் முழுதாக விட்டாள். மூத்தவள் ஒரு கணம் பின்னால் அமர்ந்து, மூக்கைத் தூக்கினாள். ஒரு சாண். தூக்கியதை அப்படியே பிடித்துக்கொண்டு பாய்ந்து, பாதி தூரத்துக்கு மேல்தான், தூங்கும் பிள்ளையைப் படுக்கவைப்பதுபோல் மெல்ல இறக்கினாள். நம்மவர் கையில் இருந்த நேரக் கடிகாரத்தை நிறுத்த மறந்துவிட்டார். அதிகாரி சொல்லித்தான் தெரிந்தது: பன்னிரண்டு புள்ளி நாற்பத்தொன்று.

பிறகு நம்மவர் ஓட்டினார். பன்னிரண்டு புள்ளி ஐம்பத்தாறு. காற்று எதிரே அடித்தது என்றார். மறுபடி ஓட்டினார். பன்னிரண்டு புள்ளி ஐம்பத்தைந்து. மைதானத்து ஓரத்தில் கொடி ஆடாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் நோட்டைப் பிரித்து, அன்று தராசில் ஏற்றி இறக்கி எழுதிய கணக்கைக் காட்டினாள். நம்மவர் தொண்ணூற்று நான்கு. அடுத்த வரியில் அவள் ஐம்பத்தாறு. சிவப்பு செட் பதினெட்டு கிலோதான் குறைக்கும். இவர் இறங்கி அவள் ஏறினால் முப்பத்தெட்டு. பக்கத்திலேயே அவர் கையெழுத்தில், 'ஒவ்வொரு கிலோவும் தங்கம்' என்று அடிக்கோடு போட்ட தாள் ஒட்டியிருந்தது.

நம்மவர் போய்க் காரின் பக்கத்தில் தனியாகக் கொஞ்ச நேரம் நின்றார். இன்ஜின் சூட்டில் டிக் டிக் என்று ஆறிக்கொண்டிருந்தது. தான் ஓட்டினால் மூத்தவள் அடுத்த வருஷம் நுழைவாயிலில் கயிற்றுக்குள் நிற்பாள். மனைவி ஓட்டினால் ஓடுவாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று யோசித்தார். திரும்பி வந்து, இந்த ஒரு தடவை மட்டும் நீயே ஓட்டு என்றார். அவள் அவர் தோளில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டாள்.

கடைசிப் பந்தயத்தன்று பக்கத்துத் தடத்தில் பேக்கரிக்காரர்தான். நம்மவரும் மச்சானும் வேலியோரம் நின்றார்கள். பச்சை எரிந்தது. இரண்டு கார்களும் ஒன்றாகக் கிளம்பின. சிவப்பு செட் பளபளத்தது. ஆனால் எழும்பிய மூக்கு மூத்தவளுடையது. வெயில் அவள் முகப்பில் பட்டு, கண்ணாடியில் வழிந்து ஓடியது. முன்சக்கரங்கள் பூமியைத் தொட்டும் தொடாமலும் சுழன்றன. நம்மவர் வேலியைப் பிடித்துக்கொண்டே பக்கவாட்டில் ஓட ஆரம்பித்தார். ஓடினால் பிடித்துவிட முடியும் என்பதுபோல் ஓடினார். ஒலிபெருக்கி அறிவித்தது. மூத்தவள் பன்னிரண்டு புள்ளி முப்பத்தெட்டு. பேக்கரிக்காரர் பன்னிரண்டு புள்ளி நாற்பத்தாறு.

நம்மவர் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது அவள் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நெற்றியில் முடி ஒட்டியிருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். பேக்கரிக்காரர் இறங்கி வந்து அவள் கையைக் குலுக்கினார். அப்புறம் குனிந்து மூத்தவளின் அடிவயிற்றை எட்டிப் பார்த்தார். மச்சானும் மெதுவாக நடந்து வந்து சேர்ந்தார்.

நம்மவரால் அடக்க முடியவில்லை. மனசில் இருந்ததைக் கொட்டிவிட்டார். இருபத்திரண்டு வருஷமும் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன், மூத்தவள் எவ்வளவு அழகு என்று எனக்குத் தெரியாமலே போயிற்று, வெளியே நின்று பார்த்தால்தான் தெரிகிறது என்றார். சொல்லும்போது கண் கலங்கியிருந்தது.

"நிஜமாவா? வெளியிலருந்து பார்க்கத்தான் நல்லா இருக்கா?"

"சத்தியமா. உள்ள இருந்தா ஒண்ணுமே தெரியல."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். அதான் காலையிலயே அடுத்த வருஷம் பூராவுக்கும் என் பேரையே எழுதிக் குடுத்துட்டேன்."

நம்மவர் பேக்கரிக்காரரைப் பார்த்தார். பேக்கரிக்காரர் வானத்தைப் பார்த்தார். கடைசியில் நம்மவர் மச்சான் பக்கம் திரும்பினார்.

"வேலியோரம் நல்ல நிழல், மாப்ளே," என்றார் மச்சான்.